மஞ்சளில் உள்ள குர்குமினுக்குப் புற்றுநோயை எதிர்க்கும் ஆற்றல் உண்டா? ஆய்வுகள் இதுவரை காட்டியிருப்பவை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து டமாக்சிஃபென் மாத்திரை எடுத்துவரும் உங்கள் தாயாருக்குக் குர்குமின் கேப்சூல் வாங்கிக் கொடுக்கலாமா என்றும், குர்குமின் புற்றுநோய்ச் செல்களை அழிக்கிறது என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு மெய்யான ஆதாரம் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் விடை, கொடுக்க வேண்டாம் என்பதே. இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாது. ஆய்வுக்கூடத்தில் ஆதாரம் ஏராளமாக இருக்கிறது; மனிதரிடம் மிகக் குறைவாக இருக்கிறது; அந்தக் குறைந்த ஆதாரமும் பெரும்பாலும் குர்குமின் நேரடியாகப் படுகிற இடங்களிலிருந்தே வந்திருக்கிறது. இரத்தத்தின் வழியே அது போய்ச் சேரவேண்டிய உறுப்புகளில் நம்பத்தக்க பலன் இன்றுவரை நிறுவப்படவில்லை. ஏன் இப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மஞ்சள் கிழங்கின் நிறத்துக்குக் காரணமான இந்தப் பொருளை 1815இல் வோகல், பெல்லெட்டியே என்ற இருவர் முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். அதன் வேதியியல் கட்டமைப்பு 1910இல் தெளிவாயிற்று. காய்ந்த மஞ்சள்தூளில் குர்குமின் எடைக்கு எடை ஏறத்தாழ 3 விழுக்காடுதான் இருக்கும். இரகத்துக்கு இரகம் இது சற்றுக் கூடும், குறையும். ஒரு தேக்கரண்டித் தூளை 3 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் 90 மில்லிகிராம் அளவுக்கே குர்குமின் கிடைக்கும். பின்னால் நான் குறிப்பிடப்போகும் ஆய்வுகள் பலவற்றில் நோயாளிகள் நாள்தோறும் 2 முதல் 8 கிராம் வரை குர்குமின் உட்கொண்டிருக்கிறார்கள். 8 கிராம் குர்குமினைச் சமையலின் மூலம் பெறவேண்டுமானால் நாளொன்றுக்குக் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டியிருக்கும். ஆகவே, சாம்பாரிலும் பாலிலும் நாம் சேர்க்கும் மஞ்சளுக்கு இந்த ஆய்வு முடிவுகளைப் பொருத்திப் பேசுவது, அந்த முடிவுகள் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும், சரியாகாது.

ஆய்வுக்கூடச் சான்றுகளிலிருந்து தொடங்கலாம். இத்துறையின் ஆரம்பகால ஆய்வுகளில் முக்கியமான ஒன்று நம் அண்டை மாநிலத்தில் நடந்தது. திருச்சூரில் உள்ள அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த இராமதாசன் குட்டனும் அவருடைய குழுவினரும் மஞ்சளுக்கும் குர்குமினுக்கும் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் இயல்பு இருப்பதை 1985இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வெளியே தெரியும் புண்களோடு வந்த 62 புற்றுநோயாளிகளுக்கு மஞ்சள் சாற்றையும் குர்குமின் களிம்பையும் மேலே பூசி, பலருக்கு நாற்றமும் அரிப்பும் குறைந்ததைப் பதிவு செய்தார்கள். அறிகுறிகள் தணிந்ததாகத்தான் அவர்கள் சொன்னார்களே தவிர, நோய் குணமானதாகச் சொல்லவில்லை. 1995இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை, என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் செல்லுக்குள் செயலூக்கம் பெறுவதைக் குர்குமின் தடுக்கிறது என்று காட்டியது. அழற்சியைத் தூண்டுவதும், செல் தானாக மடிந்துபோகாமல் காப்பதுமான மரபணுக்களை இயக்கும் புரதம் அது. பல புற்றுநோய்களில் ஓயாமல் இயங்கிக்கொண்டிருப்பது. இதையடுத்துக் குர்குமின் ஆய்வுகள் பெருகின. பெருங்குடல், மார்பகம், கணையம், புராஸ்டேட் என்று ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் ஏறக்குறைய எல்லாவகைப் புற்றுநோய்ச் செல்களிலும் அது வளர்ச்சியை நிறுத்துவதாக முடிவுகள் வந்தன. வேதிப்பொருள் கொடுத்துப் பெருங்குடல் புற்றுநோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் தீவனத்தில் குர்குமின் சேர்த்தபோது கட்டிகள் குறைந்தன.

இவற்றைப் படிக்கும் ஒருவருக்கு நம்பிக்கை பிறப்பது இயல்பே. ஆனால் இந்தச் சான்றுகளுக்கு உள்ளேயே சில பலவீனங்கள் இருக்கின்றன. செல் ஆய்வுகளில் குர்குமின் பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கான அளவு) செறிவில் பயன்படுத்தப்படுகிறது. உடலின் இயல்பான கார அமில நிலையில் அது நிலைத்திருப்பதில்லை. புரதம் எதுவும் கலவாத கரைசலில் வைத்தால் அரைமணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. அப்படியானால் செல்லின் மீது செயல்பட்டது குர்குமினா, அதன் சிதைவுப் பொருட்களா என்ற கேள்வி எழுகிறது. மேலும், குர்குமின் தானே ஒளிர்கிறது, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கிறது, கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. ஒரு மருந்து குறிப்பிட்ட புரதத்தின்மேல் செயல்படுகிறதா என்று அறிய நாம் செய்யும் சோதனைகள் பல, ஒளியின் அளவை வைத்து விடை சொல்பவை. அந்தச் சோதனைகளில் குர்குமின் வேலை செய்யாமலே வேலை செய்ததுபோல் தோற்றம் தரக்கூடும். 2017இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரின் நெல்சன், மைக்கேல் வால்டர்ஸ் முதலானோர் மருந்து வேதியியல் இதழொன்றில் விரிவான ஆய்வுரை எழுதி, இந்தக் குறைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார்கள். அதுவரை 120க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்திருந்தும், இருதரப்பும் அறியா முறையில், அதாவது யார் எதைப் பெறுகிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த எந்த ஆய்விலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்பது அவர்களுடைய முடிவு. சற்றுக் கடுமையான தீர்ப்பு அது. இருதரப்பும் அறியா முறையில் நடந்து ஓரளவு பலன் காட்டிய கேரள ஆய்வு ஒன்றைப் பின்னால் சொல்கிறேன். ஆனாலும் அவர்களுடைய வேதியியல் வாதங்களுக்கு எனக்குத் தெரிந்து தக்க மறுப்பு வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மேலே சொன்ன 1995ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரும், குர்குமின் ஆராய்ச்சியில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவருமான பாரத் அகர்வால் பங்கேற்ற ஏழு கட்டுரைகளை, அவற்றின் தரவுகளை நம்பமுடியவில்லை என்று கூறி, 2016இல் ஒரே ஆய்விதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவருடைய வேறு கட்டுரைகளும் பின்னர் இவ்வாறு விலக்கப்பட்டன. இதனால் குர்குமின் ஆராய்ச்சி முழுவதும் பொய் என்றாகிவிடாது. அவரோடு தொடர்பே இல்லாத பல குழுக்களும் ஒத்த முடிவுகளைக் கண்டிருக்கின்றன. ஆயினும், ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையை மட்டும் காட்டி ஒருவர் வாதிட்டால், அந்த எண்ணிக்கையில் எவ்வளவு கழிக்கவேண்டியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குர்குமினின் பெருந்தடை உடல் அதை உறிஞ்சிக்கொள்ளாததுதான். அது தண்ணீரில் கரைவதில்லை. குடலைக் கடக்கும் சிறிதளவும் குடற்சுவரிலும் கல்லீரலிலும் உடனே வேறு பொருளாக மாற்றப்பட்டு வெளியேறிவிடுகிறது. தைவானில் நடந்து 2001இல் வெளியான முதற்கட்ட ஆய்வில், புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் கொண்ட 25 பேருக்கு அளவைப் படிப்படியாகக் கூட்டி, நாள்தோறும் 8 கிராம் வரை கொடுத்தார்கள். நச்சு விளைவு எதுவும் தெரியவில்லை. அதற்கு மேல் கொடுக்க முயன்றபோது மாத்திரைகளின் பருமனையே நோயாளிகளால் தாங்கமுடியவில்லை. 8 கிராம் கொடுத்தபோது இரத்தத்தில் கண்ட உச்ச அளவு சராசரியாக 1.77 மைக்ரோமோலார். கணையப் புற்றுநோயாளிகளிடம் அதே 8 கிராம் கொடுத்து எம்.டி. ஆண்டர்சன் மையம் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இது இன்னும் குறைவு: ஒரு மில்லிலிட்டருக்கு 22 முதல் 41 நானோகிராம், அதாவது ஏறத்தாழ 0.1 மைக்ரோமோலாரும் அதற்குக் கீழும். செல்களைக் கொல்ல ஆய்வுக்கூடத்தில் தேவைப்படும் அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்த இரண்டு சிறிய ஆய்வுகள் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகின்றன. பெருங்குடல் புற்றுநோய் அறுவைக்குக் காத்திருந்தவர்களுக்கு ஒரு வாரம் நாளொன்றுக்கு 3.6 கிராம் குர்குமின் கொடுத்து, பிறகு வெட்டியெடுத்த திசுவை அளந்தபோது, இயல்பான குடல் திசுவில் ஒரு கிராமுக்கு 12.7 நானோமோலும், புற்றுத் திசுவில் 7.7 நானோமோலும் குர்குமின் இருந்தது. ஒரு கிராமுக்கு ஒரு நானோமோல் என்பது ஏறத்தாழ ஒரு மைக்ரோமோலாருக்குச் சமம் என்பதால், செல் ஆய்வுகளில் பயன்படுத்தும் அளவுக்கு இது ஏறக்குறைய நெருங்கிவருகிறது. நோய் கல்லீரலுக்குப் பரவியவர்களுக்கு அதே அளவு வரை கொடுத்துக் கல்லீரல் திசுவைச் சோதித்தபோதோ, குர்குமின் அங்கே இல்லை. விழுங்கிய மருந்து எந்தத் திசுவின்மேல் படுகிறதோ அங்கே செயல்பட வாய்ப்பு இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போனால் அந்த வாய்ப்பு மறைந்துவிடுகிறது. மனித ஆய்வுகளின் முடிவுகளைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல முரண்பாடுகள் விளங்கிவிடும்.

கணைய ஆய்வில் மதிப்பிடத்தக்க 21 பேரில் இருவரிடம் மட்டுமே ஏதேனும் பலன் தெரிந்தது. ஒருவருக்கு நோய் 18 மாதங்களுக்கு மேல் பெருகாமல் நின்றது. மற்றொருவருக்குக் கட்டி வெகுவாகச் சுருங்கிக் குறுகிய காலத்திலேயே மீண்டும் வளர்ந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் இவ்விருவருடைய நிலைக்கும் குர்குமினே காரணம் என்று உறுதி கூறமுடியாது. தைவான் ஆய்வில் வாயிலும் தோலிலும் வேறு சில இடங்களிலும் முன்னேற்றம் கண்டவர்களும் உண்டு. சிகிச்சையின் நடுவிலேயே வாய்த் திட்டு ஒருவருக்கும், கருப்பை வாய் மாற்றம் ஒருவருக்கும் முழுப் புற்றுநோயாக மாறியதும் உண்டு. முன்னதை மட்டும் எடுத்துச் சொல்லிப் பின்னதை விட்டுவிடும் கட்டுரைகளை நான் அடிக்கடி காண்கிறேன். நோயாளிகளுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே அதைக் கருதுகிறேன்.

சிறிய ஆய்வில் தெரிந்த பலன் பெரிய, முறையான ஆய்வில் மறைந்துபோவதற்குக் குர்குமின் வரலாற்றில் தெளிவான இரண்டு சான்றுகள் உள்ளன. குடும்ப வழியாக வந்து பெருங்குடல் முழுவதும் நூற்றுக்கணக்கான கட்டிகளை உண்டாக்கும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அந்நோய் கொண்ட ஐந்து பேருக்குக் குர்குமினையும், குவர்செட்டின் என்ற இன்னொரு தாவரப் பொருளையும் ஆறு மாதம் கொடுத்தபோது, கட்டிகளின் எண்ணிக்கை சராசரியாக 60 விழுக்காடும் அளவு 50 விழுக்காடும் குறைந்ததாக 2006இல் ஓர் அறிக்கை வந்தது. இன்றும் பலர் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அந்த ஆய்வை நடத்திய மார்சியா குரூஸ்-கொரேயாவே பிறகு 44 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 3 கிராம் குர்குமினும் மற்றொரு குழுவுக்கு வெற்று மாத்திரையும் ஓராண்டு கொடுத்து, 2018இல் முடிவை வெளியிட்டார். எண்ணிக்கையிலோ அளவிலோ இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. தம் பழைய முடிவுக்கு எதிரான முடிவைத் தயங்காமல் வெளியிட்ட அந்த நேர்மை போற்றத்தக்கது. குடலில் மருந்து நேரடியாகப் பட்டும் பலன் இல்லாமற்போனதால், படுகிற இடத்தில் வாய்ப்பு உண்டு என்று நான் சொன்னது உறுதியான வாக்குறுதி ஆகாது என்பதும் இதிலிருந்து விளங்கும். அடுத்தது, மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கும்போது தோல் வெந்துபோவதைப் பற்றியது. 30 பெண்களிடம் 2013இல் நடந்த ஆய்வில் குர்குமின் அதைக் குறைத்தது. பல மையங்களில் 686 பெண்களைச் சேர்த்து 2018இல் வெளியான ஆய்வில் குறைக்கவில்லை.

சாதகமான சான்றுகளில் எனக்கு மதிப்புமிக்கதாகத் தோன்றுவது, புகையிலையும் வெற்றிலையும் மெல்லும் நம் மக்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. வாயில் தோன்றும் வெண்திட்டு, அதாவது லூக்கோபிளேக்கியா, சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடியது. கேரள மருத்துவர்கள் முன்னின்று 223 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் நாளொன்றுக்கு 3.6 கிராம் குர்குமின் எடுத்தவர்களில் 67.5 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 55.3 விழுக்காட்டினருக்கும் திட்டு சுருங்கியது. முறையாக நடத்தப்பட்ட ஆய்வு இது. வேறுபாடும் தற்செயலானது என்று ஒதுக்கமுடியாதது. ஆனால் அந்தத் திட்டைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்களின் நிலையில் மட்டும் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திட்டு சுருங்கியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்; ஒப்பீட்டுக் குழு ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் எண்ணே போதும். பெருங்குடலில் புற்றுக்கு முன்னோடியான நுண்ணிய மாற்றங்கள், புகைபிடிப்பவர்களிடம் ஒரு மாதம் 4 கிராம் கொடுத்ததில் 40 விழுக்காடு குறைந்ததாக 2011இல் வந்த ஆய்வும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை.

கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. பிரான்சில் முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு டோசிடாக்சலோடு குர்குமின் சேர்த்த ஆய்வை, பலன் காண வாய்ப்பில்லை என்று இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். லெஸ்டரில் 30க்கும் குறைவான பெருங்குடல் நோயாளிகளிடம் செய்த ஆய்வில் குர்குமின் பெற்றவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். ஆயினும் நோய் மீண்டும் பெருகுவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தில் உறுதியான வேறுபாடு இல்லை, எண்ணிக்கையும் மிகச் சிறியது. ஆர்மீனியாவில் முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 150 பெண்களுக்கு பாக்லிடாக்சலோடு வாரம் ஒருமுறை இரத்தக் குழாய் வழியாகக் குர்குமின் செலுத்தியதில் 51 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. வெற்று மருந்து பெற்றவர்களில் அது 33 விழுக்காடு. குடலைத் தவிர்த்து நேரே இரத்தத்தில் செலுத்தினால் பலன் தெரிகிறது என்பது என் கருத்துக்கு இசைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறொரு நாட்டில் வேறொரு குழு இதை மறுபடி செய்து காட்டும்வரை, இதைச் சிகிச்சை என்று அழைக்கமாட்டேன். அதுவரை யாரும் தனியார் நிலையங்களில் குர்குமின் ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம். 2017இல் கலிஃபோர்னியாவில் தோல் நோய்க்கு அப்படி ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண் இறந்தார். அந்த ஊசி மருந்தில் டை-எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கலப்பு இருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்டறிந்தது.

மூலிகையிலிருந்து புற்றுநோய் மருந்து வரவே முடியாது என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். நம் ஊர்த் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டீன், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் தவிர்க்கமுடியாத மருந்து. 1963இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. கனடாவில் நீரிழிவுக்காக அந்தச் செடியைச் சோதித்தவர்கள், எலிகளின் வெள்ளணுக்கள் வீழ்ச்சியடைவதைக் கண்டுதான் அதன் திறனை உணர்ந்தார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் நுண்குழல்களை அது உருவாகவிடாமல் தடுக்கிறது. ஓரிரு மில்லிகிராம் அளவே போதும். இரத்தக் குழாய் வழியாக மட்டுமே செலுத்தப்படுகிறது. அளவு தவறினால் கடுமையான தீங்கு நேரும். அந்தச் செடியின் இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பதால் குழந்தையின் இரத்தப் புற்றுநோய் குணமாவதில்லை. குறிப்பிட்ட இலக்கு, இரத்தத்தில் போதிய அளவு, ஒப்பீட்டு ஆய்வில் நிறுவப்பட்ட பலன் ஆகிய மூன்றும் வின்கிரிஸ்டீனுக்கு இருக்கின்றன. குர்குமினுக்கு முதல் இரண்டுமே இன்னும் கேள்விக்குறியாக இருக்கின்றன.

இனி உங்கள் தாயாரைப் பற்றி. டமாக்சிஃபென் உடலுக்குள் எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாறித்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், டமாக்சிஃபென் எடுத்துவந்த 16 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 3.6 கிராம் குர்குமின் கொடுத்து அளந்தபோது, எண்டாக்சிஃபெனின் அளவு 7.7 விழுக்காடு குறைந்தது; மிளகிலுள்ள பிப்பரினையும் சேர்த்தபோது 12.4 விழுக்காடு குறைந்தது. சராசரியாகப் பார்த்தால் இது பெரிய குறைவில்லை. ஆனால் ஏற்கெனவே எல்லையோரத்தில் அந்த அளவைக் கொண்டிருக்கும் பெண் ஒருவருக்கு, நிறுவப்பட்ட பயன் கொண்ட மருந்தின் அளவு, நிறுவப்படாத பயன் கொண்ட மாத்திரையால் தேவையான அளவுக்குக் கீழே போய்விடலாம். கடைகளில் கிடைக்கும் கேப்சூல்கள் பலவற்றில் பிப்பரின் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரின் சேர்த்தால் உடல் ஏற்பது 20 மடங்கு கூடும் என்று காட்டியதே இதற்குக் காரணம். மிக அற்பமான அளவின் 20 மடங்கு என்பதால் அதன் பிறகும் இரத்தத்தில் குர்குமின் குறைவாகவே இருக்கிறது. ஆனால் கல்லீரலும் குடலும் மருந்துகளைக் கையாளும் நொதிகளைப் பிப்பரின் தடுப்பதால், குர்குமினோடு வேறு மருந்துகளின் அளவும் எதிர்பாராத விதத்தில் மாறக்கூடும்.

கீமோதெரபியின்போது எடுப்பதைப் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். மார்பகப் புற்றுநோய்ச் செல்களிலும் எலிகளிலும் செய்து 2002இல் வெளியான ஆய்வொன்றில், டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் புற்றுச் செல்லைக் கொல்வதைக் குர்குமின் தடுத்தது. மனிதரிடம் இப்படி நிகழ்ந்ததாக நிறுவப்படவில்லை என்றாலும், ஆய்வுக்கூடச் சாதகங்களை ஏற்கிறவர் ஆய்வுக்கூடப் பாதகங்களையும் அதே தராசில் நிறுக்கவேண்டும். கல்லீரலும் கவனிக்கத்தக்கது. மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்து பேரைப் பற்றி அமெரிக்காவில் 2022இல் ஓர் அறிக்கை வெளியானது. அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார், ஏழு பேரிடம் ஒரே வகை மரபுக்கூறு இருந்தது. இது அரிதான விளைவே. இருந்தாலும் புற்றுநோய் மருந்துகளைக் கல்லீரல்தான் கையாளுகிறது என்பதால், அதில் ஏற்படும் சிறு பாதிப்பும் சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கும்.

சமையலில் வழக்கமாகச் சேர்க்கும் மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை. அந்த அளவு டமாக்சிஃபெனைப் பாதிப்பதாக நான் அறிந்த சான்று எதுவும் இல்லை. கேப்சூல் ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தால், புட்டியையே எடுத்துக்கொண்டு அடுத்தமுறை புற்றுநோய் மருத்துவரிடம் செல்லுங்கள். எத்தனை மில்லிகிராம், பிப்பரின் உண்டா, எத்தனை வாரமாக எடுக்கிறார் என்பவற்றைச் சொல்லி, கல்லீரல் இரத்தப் பரிசோதனை ஒன்று எடுக்கலாமா என்று கேளுங்கள். அவர் கடிந்துகொள்வார் என்று அஞ்சி மறைக்கவேண்டாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறமாவது, பசியே இல்லாமற்போவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்தச் சந்திப்புவரை காத்திராமல் கேப்சூலை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டமாக்சிஃபெனை மட்டும் எக்காரணம் கொண்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம்.